பவளத்தீவுகளுக்கு நடுவே பாய்ப்படகில் ஒரு பகல்: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

பாய்ப்படகில் ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகத் திட்டமிடும் புதியவர்கள் பெரும்பாலும் காற்றைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். மற்ற கடல்களில் அது சரி. வெப்பமண்டலப் பவளத்தீவுகளுக்கு நடுவே முதலில் பார்க்க வேண்டியது, போய்ச் சேரும் நேரத்தில் சூரியன் வானத்தில் எங்கே இருக்கும் என்பதை. பவளப்பாறை உங்கள் கண்ணுக்குத் தெரிவது வெயில் மேலிருந்து நீருக்குள் இறங்கும்போது மட்டும்தான். மாலைச் சாய்ந்த வெயிலில் கடல் முழுக்க ஒரே பளபளப்பாக இருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் பாறை இருந்தாலும் தெரியாது. அந்த நாளின் எல்லா முடிவுகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கின்றன.

உங்களுக்குப் பாய் ஏற்றவும் இறக்கவும், நங்கூரம் போடவும் தெரியும். 35 முதல் 45 அடி நீளப் படகில் இரண்டு பேராவது இருக்கிறீர்கள். பவளக் கடலுக்கு மட்டும் புதியவர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முந்தின நாள்: நேரத்தைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

காலை 10 முதல் பிற்பகல் 3 மணி வரை நல்ல வெளிச்ச நேரம். அதற்குள் அடுத்த தீவின் காயலுக்குள், அதாவது பவள வளையத்துக்கு உள்ளே இருக்கும் நீர்ப்பரப்புக்குள் நுழைந்து, நங்கூரமும் போட்டு முடித்திருக்க வேண்டும். வெப்பமண்டலத்தில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அந்தி சட்டென்று முடிந்துவிடும். மாலை 6 மணிக்குச் சூரியன் இறங்கினால், கொஞ்ச நேரத்தில் கும்மிருட்டு.

அடுத்து நீரோட்டம். அட்டோல் எனப்படும் வளையத் தீவுகளில், பவள வளையத்தில் இருக்கும் திறப்பு வழியாகத்தான் உள்ளே போக முடியும். அந்தத் திறப்பை இங்கே வாய் என்றே சொல்கிறேன். காயல் நீர் பெரும்பாலும் இந்த வாய் வழியாகத்தான் ஏறி இறங்குகிறது. ஆகவே ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், திரும்பும் நேரத்தில், நீரோட்டம் ஓய்ந்திருக்கும் அந்தக் குறுகிய இடைவெளியில்தான் கடக்க வேண்டும். ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் இடையே பெரும்பாலான இடங்களில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும். இது நமக்கு வசதி. காலை 6:30 மணி ஓய்வில் ஒரு தீவின் வாயைத் தாண்டி வெளியே வந்தால், 12:30 மணி வாக்கில் அடுத்த தீவின் வாயில் அடுத்த ஓய்வைப் பிடிக்கலாம். உச்சி வெயிலும் கிடைக்கும்.

இந்த ஆறு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போக முடியும்? படகு நல்ல காற்றில் 6 நாட் ஓடும் என்றாலும், திட்டத்தில் 4.5 என்றே போடுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். ஆறு மணி நேரத்துக்கு 27 கடல்மைல் வருகிறது. என் கணக்கில் பகல் பயணத்துக்கு 30 கடல்மைல்தான் வசதியான எல்லை. 35-ஐத் தாண்டினால் அதைப் பகல் பயணமாக நினைக்கவே வேண்டாம். பிற்பகல் வெளிச்சத்தில் கிளம்பி, இரவு முழுக்க ஆழ்கடலில் மெதுவாக ஓட்டி, மறுநாள் முற்பகலில் சேருவது அதைவிடப் பாதுகாப்பு. ஆழ்கடலில் இருட்டு பெரிய ஆபத்தில்லை, பாறைக்குப் பக்கத்தில் இருட்டுதான் ஆபத்து.

திசையையும் பாருங்கள். வாய்க்குள் கிழக்கு நோக்கி நுழைய வேண்டுமென்றால் உச்சிக்குச் சற்றுப் பிறகு போங்கள், மேற்கு நோக்கி என்றால் உச்சிக்கு முன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான் நீருக்குள் பார்வை போகும்.

அப்புறம் பருவம். தென் பசிபிக்கிலும் தென் இந்தியப் பெருங்கடலிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை. அந்த மாதங்களில் ஒதுங்கிய தீவுகளுக்குள் முதல் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். மற்ற மாதங்களில் வணிகக் காற்று வடகோளத்தில் வடகிழக்கிலிருந்தும், தென்கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் நிதானமாக வீசும். 15 முதல் 20 நாட் காற்று வழக்கமானது. செயற்கைக்கோள் இணைப்பு இருந்தால் கிரிப் எனப்படும் வானிலை முன்னறிவிப்புக் கோப்பை இறக்கிக் காற்றின் திசையைப் பாருங்கள். இன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த மூன்று நாளுக்கும் பாருங்கள். போய் நங்கூரமிட்ட பிறகு காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது, போகும் வழியில் எப்படி வீசும் என்பதைவிட முக்கியம்.

வரைபடத்தை முழுவதும் பெரிதாக்கிப் பாருங்கள்

2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் வால்வோ பெருங்கடல் பந்தயத்தில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் முழு வேகத்தில் மோதியது. உலகத் தரமான மாலுமிகள், நவீனக் கருவிகள். திரையில் வரைபடத்தைச் சிறிதாக வைத்துப் பார்த்தபோது அந்தத் திட்டின் அபாயம் சரியாகத் தெரியவில்லை. மின்னணு வரைபடங்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. சிறிதாக்கினால் விவரங்களை மறைத்துவிடும். படகில் இருந்த 9 பேரும் உயிர் தப்பினார்கள்.

ஆகவே முந்தின நாள் மாலையே உட்கார்ந்து, போகும் பாதை முழுவதையும் மிகப் பெரிய அளவில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் நகர்த்திப் பாருங்கள். பாதையின் இருபுறமும் 2 கடல்மைல் வரை பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்கக் கூடாது.

இன்னொரு விஷயம்: தொலைதூரத் தீவுகளின் வரைபடங்கள் பல பழைய அளவீடுகளை வைத்துச் செய்தவை. ஜி.பி.எஸ். உங்கள் இடத்தைச் சில மீட்டருக்குள் சரியாகச் சொல்லும், ஆனால் வரைபடத்தில் பாறை வரைந்திருக்கும் இடம் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியிருக்கலாம். செயற்கைக்கோள் படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். அங்கே போன பிறகு இணையம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சில தீவுகளுக்கு முன் அனுமதி வேண்டும் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.

விடியலில், நங்கூரம் தூக்குவதற்கு முன்

எஞ்சின் எண்ணெய், குளிர்விக்கும் நீர், பெல்ட், டீசல் வடிகட்டி. இந்த நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். வடிகட்டியை நான் தனியாக வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கடலில் படகு ஆடும்போது டீசல் தொட்டியின் அடியில் தங்கிய கசடு கலங்கி மேலே வரும். அது வடிகட்டியை அடைத்து எஞ்சினை நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில், வாய்க்குள் நுழையும்போது. உபரி வடிகட்டி ஒன்றும், அதை மாற்றத் தெரிந்த ஒருவரும் படகில் இருக்க வேண்டும்.

காற்றழுத்தமானியைப் பாருங்கள். வெப்பமண்டலத்தில் அழுத்தம் ஒரு தாளத்தோடு நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம். அதிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. இதைத் தெரியாமல் பிற்பகல் இறக்கத்தைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. முந்தின நாள் இதே மணிக்கு இருந்ததோடு ஒப்பிடுங்கள். 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தாலோ, அந்தத் தாளமே காணாமல் போயிருந்தாலோ கிளம்பாதீர்கள்.

குடிநீர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று எடுத்துவையுங்கள். கடல் நோய் வரக்கூடியவர் மாத்திரையை முந்தின இரவே போட்டுக்கொள்ள வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு பயனில்லை. சமையலைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். கழன்று விழக்கூடிய எல்லாவற்றையும் கட்டி வையுங்கள். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும்தான் முதல் தேர்வு. களிம்பு தேவையென்றால் ஆக்ஸிபென்சோனும் ஆக்டினாக்ஸேட்டும் இல்லாததை வாங்குங்கள். பவளத்தைக் கெடுக்கும் என்று பலாவ் நாடு 2020 ஜனவரி முதல் இவை கலந்த களிம்புகளைத் தடை செய்திருக்கிறது.

துருவக் கண்ணாடி, அதாவது போலராய்டு கறுப்புக் கண்ணாடி, படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். இந்தக் கடலில் இது பாதுகாப்புக் கருவிதான். நீரின் மேல் பளபளப்பை வெட்டி அடியைக் காட்டும்.

வெளியே, திறந்த கடலில்

வாயைத் தாண்டியதும் ஆழம் சட்டென்று கிடுகிடுவென இறங்கும். எரிமலை மெல்ல மெல்ல அமிழ, அதன் ஓரத்தில் பவளம் மேலே மேலே வளர்ந்து உருவானவைதான் அட்டோல்கள் என்று சார்லஸ் டார்வின் 1842-இல் விளக்கினார். அதனால்தான் அவற்றின் வெளிச்சுவர் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருக்கிறது. மாலுமிக்கு இதன் பொருள்: ஆழமானி உங்களை எச்சரிக்காது. ஒரு நிமிடம் அடி தெரியாத ஆழம், அடுத்த நிமிடம் பாறை. கரையை நெருங்குவதை ஆழமானியின் எண்ணை வைத்துக் கணிக்கும் பழக்கம் இருந்தால் அதை இங்கே விட்டுவிட வேண்டும்.

பாய்களை ஏற்றும்போதே ஒரு மடிப்பு சுருக்கி ஏற்றுங்கள் என்பதுதான் புதியவர்களுக்கு என் ஆலோசனை. வணிகக் காற்றில் திடீர் மழைக்காற்று அடிக்கடி வரும். அடிப்பகுதி கறுத்து, கீழே மழைத்திரை தொங்கும் மேகம் காற்று வரும் பக்கத்தில் தெரிந்தால் உடனே முன்பாயைச் சுருட்டத் தொடங்குங்கள். 15 நாட் காற்று சில நிமிடங்களில் 30-ஐத் தாண்டும். பெரும்பாலும் அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். அதுவரை காற்றோடு போய்க்கொண்டிருங்கள், பாறை அந்தப் பக்கம் இல்லாதவரை. காற்று பின்னாலிருந்து வரும்போது பூம், அதாவது மெயின் பாயின் அடியில் இருக்கும் கட்டை, மறுபக்கம் வீசியடிக்காமல் கயிற்றால் முன்னோக்கிக் கட்டி வையுங்கள். அந்த அடி மனிதத் தலையில் பட்டால் உயிர் போகும். மேல்தளத்தில் முன்னால் போகிறவர் எப்போதும் பாதுகாப்புப் பட்டையைப் படகோடு மாட்டிக்கொண்டே போக வேண்டும்.

பாதி வழியில் ஒரு முடிவு நேரத்தைக் குறித்து வையுங்கள். மேலே சொன்ன கணக்கில் அது 9:30 மணி. 27 கடல்மைலில் 13 வந்திருக்க வேண்டும். 11-க்குக் கீழே என்றால் எஞ்சினைப் போடுங்கள். எஞ்சினிலும் நேரத்துக்குச் சேர முடியாது என்றால் திரும்புங்கள். பக்கவாட்டுக் காற்றில் வந்திருந்தால், அதே மூன்று மணி நேரத்தில், நல்ல வெயிலிலேயே, கிளம்பிய இடத்துக்குப் போய்விடலாம். ஆனால் காற்றோடு ஓடி வந்திருந்தால் திரும்பிப் போவது காற்றை எதிர்த்துக் கோணல்மாணலாகப் போகும் நீண்ட பயணம். அப்படிப்பட்ட நாளில் திரும்பும் வழி இல்லை என்பதை முந்தின நாளே தெரிந்துகொண்டு, வேறு மாற்றுத் திட்டம் வைத்திருக்க வேண்டும்.

அந்த மாற்றுத் திட்டம், வெளியே காத்திருப்பது. முன்பாயைக் காற்று வரும் பக்கம் இழுத்துக் கட்டி, சுருக்கிய மெயின் பாயோடு, படகைக் காற்றை நோக்கித் திருப்ப முயல்வதுபோல் சுக்கான் சக்கரத்தைப் பூட்டிவிட்டால் படகு ஏறக்குறைய நின்றுவிடும். மணிக்கு ஒன்று அல்லது இரண்டு கடல்மைல் காற்றோடு நகரும். தீவின் காற்று ஒதுங்கிய பக்கத்துக்குப் போய் இதைச் செய்தால், இரவு முழுக்கத் தீவிலிருந்து விலகித்தான் போவீர்கள். 12 மணி நேரத்தில் 20 கடல்மைலுக்கு மேல் நகரலாம், அதற்கு இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் மாற்றி ஆள் காவல் இருக்க வேண்டும். களைப்பான இரவுதான். ஆனாலும் மாலை 5 மணிக்கு "எப்படியாவது உள்ளே போய்விடலாம்" என்று தோன்றும்போது இதைத்தான் செய்ய வேண்டும். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வழியில் தூண்டில் போட்டு இழுத்துக்கொண்டு போவது நல்ல பழக்கம். திறந்த கடலில் கிடைக்கும் சூரை போன்ற மீன்களைத் தயங்காமல் சாப்பிடலாம். பாறையோரத்து மீன்கள் வேறு. பெரிய சீலா, களவா, மோரே விலாங்கு போன்றவற்றில் சிகுவாடெரா என்ற உணவு நஞ்சாதலை உண்டாக்கும் நச்சு சேர்ந்திருக்கலாம். பாறைகளில் வாழும் நுண்ணுயிர் பாசியிலிருந்து தொடங்கி, சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன இது கூடிக்கொண்டே போகும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. எந்தக் காயலில் எந்த மீன் நல்லது என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமல் பாறை மீனைத் தொட வேண்டாம்.

பிளாஸ்டிக் எதையும் கடலில் எங்கேயும் போடக் கூடாது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின்படி அது உலகெங்கும் தடை. உணவு மீதியைக்கூடக் கரைக்கு அருகே கொட்டக் கூடாது.

அட்டோலின் நிலம் கடல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர்தான் உயர்ந்திருக்கும். தென்னைகளின் தலை முதலில் தெரியும், தெளிவான நாளிலும் 8 அல்லது 10 கடல்மைலுக்குள் வந்த பிறகுதான். அதற்கு முன்பே தீவைக் கண்டுபிடிக்கும் வழிகள் பசிபிக் மக்களுக்குத் தெரியும். மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் 1976-இல் கருவி எதுவும் இல்லாமல் ஹோகுலேயா என்ற, இரண்டு உடல்களை இணைத்த பாய்ப்படகை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு வழிநடத்தினார். அவர்கள் பார்க்கும் அடையாளங்களில் இரண்டை நீங்களும் பார்த்துப் பழகலாம். காயலின் பச்சை நிறம் மேலே நிற்கும் மேகத்தின் அடியில் பிரதிபலிக்கும். ஆலா என்னும் கடற்பறவைகள் காலையில் தீவிலிருந்து கடலுக்குப் பறக்கும், மாலையில் தீவுக்குத் திரும்பும். திரையையே பார்த்துக்கொண்டு போகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. இந்தப் பயணத்தின் பெரிய சந்தோஷம் எனக்கு இதில்தான் இருக்கிறது.

வாய்க்குள் நுழைவது

பிரெஞ்சுப் பொலினீசியாவின் துவாமோத்து தீவுகளை, 1768-இல் அவ்வழியே போன பூகன்வில் "அபாயத் தீவுக்கூட்டம்" என்று அழைத்தார். அங்கே ஃபகராவாவின் வட வாய் சுமார் 1.6 கிலோமீட்டர் அகலம். வேறு பல அட்டோல்களில் ஒரு படகு திரும்பவே சிரமப்படும் அளவுக்குக் குறுகல். சில வாய்களில் நீரோட்டம் 6 நாட்டைத் தாண்டும். உங்கள் எஞ்சினின் முழு வேகமே அவ்வளவுதான்.

ஓத அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். பெரிய அலைகள் வளையத்தின் வெளிப்பக்கத்தைத் தாண்டி உள்ளே கொட்டிக்கொண்டே இருந்தால் காயலில் நீர் மட்டம் உயரும். அந்த நீர் முழுவதும் வாய் வழியாக வெளியேறும்போது, அட்டவணைப்படி உள்ளோட்டம் இருக்க வேண்டிய நேரத்திலும் வெளியோட்டமே ஓடும். எனவே அரைமணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். பாய்களை இறக்கி, எஞ்சினைப் போட்டு நன்றாகச் சூடாக விடுங்கள். நங்கூரத்தை உடனே போடத் தயாராக வையுங்கள். வெளியே நின்று தொலைநோக்கியால் வாயைப் பாருங்கள். வாய்க்கு நேரே வெள்ளை நுரையோடு அலைகள் ஒரே இடத்தில் நின்று குதித்தால், நீரோட்டமும் காற்றும் எதிரெதிரே மோதுகின்றன. அது அடங்கும்வரை காத்திருங்கள்.

முழு ஓய்வு கிடைக்காவிட்டால், ஒரு நாட் எதிரோட்டத்தில் நுழைவதைத்தான் நான் விரும்புவேன். எதிரோட்டத்தில் படகு தரையைப் பொறுத்து மெதுவாக நகரும், சுக்கானுக்கோ நல்ல பிடி இருக்கும். பிடிக்கவில்லை என்றால் வேகத்தைக் குறைத்தாலே வெளியே வந்துவிடலாம். பின்னாலிருந்து தள்ளும் உள்ளோட்டத்தில் நிறுத்தவோ திரும்பவோ வாய்ப்பில்லை.

நுழைந்த பிறகு நடுவிலேயே போங்கள், வேகத்தை வெட்டிக் குறைக்காதீர்கள். உங்கள் பாதை ஜி.பி.எஸ்.-இல் பதிவாகிறதா என்று சரிபாருங்கள். வந்த வழி பதிவாகியிருந்தால் அவசரத்தில் அதே கோட்டில் வெளியேறலாம்.

காயலுக்குள் நிறத்தைப் படிப்பது

இனி ஒருவர் சுக்கானில், இன்னொருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில். முடிந்தால் பாய்மரத்தில் கொஞ்சம் ஏறி நிற்பது இன்னும் நல்லது. உயரம் கூடக்கூட நீருக்குள் பார்வை ஆழமாகப் போகும். வேகம் 3 நாட்.

மை நீலம் என்றால் ஆழம். வெளிர் நீலமோ நீலப்பச்சையோ மணல் மேல் ஐந்து முதல் பத்து மீட்டர் இருக்கலாம். வெளிர் பச்சை இரண்டு முதல் நான்கு. வெண்மை தெரிந்தால் மணல் மேலே வந்துவிட்டது. பழுப்பும் மஞ்சளும் கலந்து தெரிந்தால் பவளம் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகவே கூடாது. கருந்திட்டு ஒன்று தெரிந்து அது பவளமா மேக நிழலா என்று குழம்பினால், ஒரு நிமிடம் நில்லுங்கள். நிழல் நகரும். மேகம் சூரியனையே மறைத்துவிட்டால் படகை நிறுத்திக் காத்திருங்கள்.

கைச்சைகையை முன்பே பேசி வையுங்கள். அணியத்தில் நிற்பவர் எப்போதும் போக வேண்டிய திசையையே காட்ட வேண்டும், பாறையைக் காட்டக் கூடாது. சில சமயம் ஆபத்தையும் சில சமயம் வழியையும் காட்டினால் சுக்கானில் இருப்பவர் குழம்பிப்போவார். காற்றில் கத்தினால் கேட்காது. முத்துப் பண்ணைகள் உள்ள காயல்களில் மிதவைகளும் நீருக்குள் தொங்கும் கயிறுகளும் இருக்கும், சுழலியில் சிக்காமல் பாருங்கள்.

நங்கூரம்

மணலில் மட்டுமே போட வேண்டும். பவளம் உடையும், சங்கிலியும் பாறைக்கடியில் சிக்கி அடுத்த நாள் எடுக்க முடியாமல் போகும். வெளிர் நீலத் திட்டு ஒன்றைத் தேர்ந்து, படகு காற்றில் எல்லாப் பக்கமும் சுற்றினாலும் பவளத்திட்டுகளில் மோதாத அளவு இடம் இருக்கிறதா என்று ஒரு வட்டமடித்துப் பாருங்கள். 8 மீட்டர் ஆழம், அணியத்தின் உயரம் ஒரு மீட்டர் என்றால் மொத்தம் 9. அதன் ஐந்து மடங்கு, அதாவது 45 மீட்டர் சங்கிலி விடுங்கள். காற்று 20 நாட்டைத் தாண்டும் என்றால் ஏழு மடங்கு. விட்ட பிறகு எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கிக் கொடுத்து, படிப்படியாக வேகத்தைக் கூட்டி, அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் இன்னொரு மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் படகு நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு சங்கிலியின் இழுப்பை வாங்கிக்கொள்ள ஒரு நைலான் கயிற்றை மாட்டி அணியத்தில் கட்டுங்கள்.

சுற்றிலும் பவளத்திட்டுகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் சங்கிலி அவற்றைச் சுற்றிக்கொள்ளும். இதற்கு நல்ல வழி சங்கிலியை மிதக்க விடுவது. ஆழத்தின் ஒன்றரை மடங்கு நீளம் சங்கிலி இறங்கியதும் ஒரு சிறிய மிதவையை மாட்டுங்கள், பிறகு சில மீட்டருக்கு ஒன்றாக இரண்டு மூன்று. சங்கிலி அடியைத் தொடாமல் திட்டுகளுக்கு மேலே தொங்கும். பலத்த காற்றில் தானாகவே நேராக இழுபடும்.

அப்புறம் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்திப் போய் நங்கூரத்தை நேரில் பாருங்கள். நீர் தெளிவாக இருக்கும், வெதுவெதுப்பாகவும் இருக்கும். இதைச் செய்யாமலிருக்க எந்தக் காரணமும் இல்லை. கூர்முனை மணலுக்குள் முழுவதும் புதைந்திருந்தால்தான் வேலை முடிந்தது.

இருட்டுவதற்கு முன்

காயல் அமைதியாகத் தெரிந்தாலும், பெரிய காயல்களில் காற்று திரும்பினால் நிலைமை மாறிவிடும். துவாமோத்துவின் ராங்கிரோவா காயல் 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அவ்வளவு தூரம் தடையில்லாமல் வரும் காற்று, மாலையில் தென்னைகளுக்கு ஒதுக்காக இருந்த இடத்தில் நள்ளிரவில் ஒரு மீட்டருக்கு மேல் அலை எழுப்பும், பின்னால் பவளக்கரை இருக்கும். அதனால் மாலையில் இன்னொரு முறை முன்னறிவிப்பை எடுத்துப் பாருங்கள். காற்று திரும்பும் என்றால் வெளிச்சம் இருக்கும்போதே மறுபக்கத்துக்கு மாறிவிடுங்கள்.

சிறு படகைத் தூக்கிக் கட்டுங்கள். பாய்மர உச்சியில் வெள்ளை நங்கூர விளக்கைப் போடுங்கள். வி.எச்.எஃப். வானொலியை 16-ஆம் அலைவரிசையில் வையுங்கள். படகு இடம்விட்டு நகர்ந்தால் ஒலிக்கும் ஜி.பி.எஸ். நங்கூர எச்சரிக்கையை வைக்கும்போது, வட்டத்தின் நடுவை நங்கூரம் கிடக்கும் இடத்தில் குறியுங்கள், படகு நிற்கும் இடத்தில் அல்ல. சங்கிலியின் நீளத்தோடு படகின் நீளத்தையும் சேர்த்து, மேலும் பத்து மீட்டர் கூட்டி ஆரத்தை வையுங்கள். வட்டத்துக்குள் எங்காவது பழுப்புத் திட்டு வந்தால் அந்த இடம் சரியில்லை. வெயில் இன்னும் மீதமிருந்தால் நங்கூரத்தைத் தூக்கி வேறு மணலைத் தேடுங்கள்.